அம்மன் வாசலில் சுண்ணாம்புக் கோடு

சாமி இடத்தில் வண்டி நிறுத்தலாமா? எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோவில் கமிட்டியில் போன வருசம் முழுக்க இதுதான் பேச்சு. நான் கமிட்டி உறுப்பினர் இல்லை. நானுஓயாப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் சமயம் படிப்பிக்கிறேன். கையெழுத்து விளங்கும் என்று கூட்டக் குறிப்பு எழுத உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். எழுத வந்தவள் வாய் திறக்கக் கூடாது என்று யாப்பில் எங்கும் இல்லை, ஆகவே திறந்தேன். என் தம்பிக்கும் ஒரு ஆட்டோ இருக்கிறது. கூட்டத்தில் அதைச் சொல்லிவிட்டுத்தான் பேசினேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

வெளியூர்க்காரருக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரியாது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைப் பார்த்தவருக்குத் தெரியும். லயம் கட்டியவர்கள் நடந்து வந்த சனத்துக்காகக் கட்டினார்கள். இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி மாத்தளைவரை காட்டு வழியே நடந்து வந்தவர்களுக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, அதற்கு முன்னால் கான். கானைத் தாண்டினால் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய பாதை. அப்புறம் தேயிலை. இந்தக் காம்பராக்காரன் ஒரு காலத்தில் சக்கரம் வைத்த எதற்காவது சொந்தக்காரன் ஆவான் என்று எந்தத் துரையும் நினைத்துப் படம் கீறவில்லை.

இன்று வரிசைக்கு இரண்டு மூன்று ஆட்டோ நிற்கிறது. அதற்குக் காரணம் ஸ்டேசன். நானுஓயாவுக்கு ரயில் 1885இல் வந்தது. நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் இங்கேதான் இறங்க வேண்டும். இங்கிருந்து நுவரெலியா வழியாக ராகலைவரை ஓடிய சின்ன ரயில் 1940களில் நின்றுபோனது, தண்டவாளத்தையும் கழற்றிவிட்டார்கள். அது விட்டுப்போன அந்தச் சில மைல்தான் எங்கள் பையன்களுக்குச் சோறு போடுகிறது. பொடி மெனிக்கே ரயில் வந்து நின்றதும் முதுகுப் பையோடு இறங்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பிடிக்க, மலையில் வேலைக்குப் பேர் போட மாட்டேன் என்று சொன்ன பையன்கள் எல்லாம் லீசிங்கில் ஆட்டோ எடுத்தார்கள். சிலர் லீசிங் கட்டி முடித்தார்கள். சிலருடைய வண்டியை லீசிங்காரன் கொண்டுபோனான். அது வேறு கதை.

வண்டியை இரவில் எங்கே விடுவது? ஆரம்பத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்து ஓரத்தில் விட்டார்கள். வண்டி கூடக் கூட, கொழுந்து லொறி திரும்ப முடியவில்லை என்று தோட்டத்திலிருந்து கடிதம் வந்தது: பெரட்டுக்களத்திலும் தோட்ட ரோட்டிலும் இரவில் வாகனம் நிறுத்தக் கூடாது. லொறிக்காரர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. எங்கே நிறுத்தலாம் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை, அதுதான் குறை. மீதி இருந்த ஒரே சமதரை கோவில் வாசல். ஒன்று, இரண்டு என்று வந்து, 2022இல் எல்லாம் அங்கேயே வந்துவிட்டன. அந்த வருசத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஜூன் கடைசியில் பெட்ரோல் லீற்றர் 470 ரூபாய். பிறகு கியூஆர் பங்கீடு வந்தபோது ஆட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர். டாங்கியில் இருக்கும் அந்த ஐந்து லீற்றரைக் காப்பாற்ற, குளிரில் வண்டிக்குள்ளேயே போர்த்திக்கொண்டு படுத்தவர்கள் உண்டு. கோவில் வாசலில் விட்டால் படுக்க வேண்டியதில்லை. அங்கே ஒரு லைட் எரியும். அம்மன் பார்த்துக்கொண்டிருக்கும்போது எவனும் டியூபைப் போட்டு உறிஞ்ச மாட்டான் என்ற நம்பிக்கை வேறு. அந்த நம்பிக்கை பொய்க்கவும் இல்லை.

பெட்ரோல் பஞ்சம் போனது. வண்டிகள் போகவில்லை. பூசாரி ஐயா முதலில் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பலிபீடத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் ஒழுகிக் கிடந்தது. சைலன்சர் புகை கர்ப்பக்கிரகம்வரை வருகிறது, கள்ளு சாராயம் குடித்தவனும் அதே வண்டியில்தான் ஏறுகிறான், தீட்டுப்பட்ட வீட்டுக்குப் போய்விட்டு வந்த வண்டியும் இங்கேதான் நிற்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சிதம்பரத்தில் வெட்டவெளியைத்தானே கும்பிடுகிறோம், இந்த வாசலும் வெளியாகத்தானே இருக்க வேண்டும் என்றும் கேட்டார். நல்ல வாதம். ஆனால் அந்த வெளியில் நாங்கள் கல்யாணப் பந்தல் போட்டிருக்கிறோம், வெயில் காலத்தில் மிளகாய் காயப்போட்டிருக்கிறோம், பையன்கள் கிரிக்கெட் அடித்து விளக்குக் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள். யாரும் ஆகாயத்தைப் பற்றிப் பேசவில்லை.

தீட்டுப் பற்றிய பேச்சை நான் ஒரேயடியாகத் தள்ளிவிட விரும்பவில்லை. சுத்தம் வேண்டும்; எண்ணெய் ஒழுகும் வண்டியை எவர் வாசலிலும் விடக் கூடாது, அம்மன் வாசலில் மட்டும் என்ன? ஆனால் சக்கரமே ஆகாது என்றால் எனக்கு ஒரு கேள்வி உண்டு. நவராத்திரி முடிவில் ஆயுத பூசையன்று இதே ஆட்டோக்கள் இதே வாசலில் கழுவித் துடைத்து நிற்கின்றன. கண்ணாடிக்குச் சந்தனம், ஹேண்டிலுக்கு மாலை, சக்கரத்துக்கடியில் தேசிக்காய். பூசாரி ஐயாவே ஒவ்வொரு வண்டிக்கும் தீபம் காட்டித் தட்சணை வாங்குகிறார். அன்றைக்குச் சாமி ஏறிய வண்டி மறுநாள் காலையில் தீட்டாகிவிடுமா? எங்கள் மலைநாட்டுச் சாமிகளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. தேயிலை ஸ்டோரில் பெரிய சக்கரம் சுற்றிய காலத்தில் அதற்குப் பக்கத்தில் ஒரு முனியை இருத்தி, ரோதமுனி என்று பேர் வைத்து, கைகால் சிக்காமல் காப்பாற்று என்று கும்பிட்டவர்கள் நாங்கள். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக்கும் ஒரு சாமி உண்டு. ஊரிலிருந்து கூட்டி வந்த தெய்வத்தோடு, இங்கே கண்ட இரும்பையும் கத்தியையும் சேர்த்துத் தெய்வமாக்கிய சனத்துக்குச் சக்கரம் எப்படி அந்நியமாகும்?

ஆகவே நிறுத்தலாமா என்ற கேள்வி எனக்குச் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. சிக்கல் அதற்கு அடுத்ததில் தொடங்கியது. ஆட்டோக்காரப் பையன்கள், வாசலில் கட்டம் கட்டி இலக்கம் போட்டுத் தர வேண்டும் என்றார்கள். யார் முதலில் வருகிறானோ அவனுக்கு என்று விட்டால், பின்னேரம் ஸ்டேசனில் கடைசி ரயிலுக்குக் காத்திருப்பவனுக்கு எப்போதும் இடம் இல்லை. விடியக்காலையில் முதல் வண்டிக்குப் போகிறவன் மற்ற நாலு வண்டியைத் தள்ளிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒருநாள் தள்ளியதில் ஒரு பக்கக் கண்ணாடி போய், கைகலப்பாகி, பொலிஸ்வரை போகப் பார்த்தது. இலக்கம் கேட்டது நியாயம்தான்.

எதிர்த்தவர் பழைய தலைவர். யூனியன் வேலை செய்து, கொழுந்துக் கணக்கில் கள்ளம் பிடித்து, இரண்டு துரைமாரோடு நேருக்கு நேர் நின்றவர். எண்பதைத் தாண்டியவர். அவர் எழுந்தபோது பையன்கள் போனை மடக்கி வைத்தார்கள்.

"லயத்துல இது என் காம்பரா அது உன் காம்பரான்னு அடிச்சிக்கிட்டது போதாதா? அம்மா வாசல்லயும் கோடு போடணுமா? சாமி முன்னால என்னோடது உன்னோடதுன்னு ஒண்ணு உண்டா தம்பி?"

கூட்டம் தலையாட்டியது. நானும் எழுதிக்கொண்டே தலையாட்டினேன். சைவ சித்தாந்தம் படிப்பிக்கிறவளுக்கு இதைவிடப் பெரிய உண்மை கிடையாது. நான் என்பதும் என்னுடையது என்பதும்தான் உயிரைக் கட்டிய கயிறு. அது அறுகிற வரைக்கும் எத்தனை தரம் கோவிலைச் சுற்றினாலும் பயன் கொஞ்சம்தான். உயர்தர வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் ஒழுங்காக எழுதிக்கொள்வார்கள், பரீட்சைக்கு வரும் என்று.

அப்போது பின்னால் இருந்து ஒரு பையன் கேட்டான். என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்தவன். மரியாதையாகத்தான் கேட்டான்.

"தாத்தா, லயம் தோட்டத்தோடது. ரோடு தோட்டத்தோடது. மலை கம்பெனியோடது. கோவில் அம்மாவோடது. சரி. எங்களோடது எது? சொல்லுங்க பாப்போம்."

தலைவரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. பூசாரி ஐயா டீ கொண்டுவரச் சொன்னார்.

ஒன்றும் என்னுடையது இல்லை என்று உணர்வது ஞானம் என்றால், ஒன்றையும் என்னுடையது என்று சொல்ல விடாமல் பல தலைமுறைக்கு வைத்திருந்த சனம் பிறவியிலேயே ஞானியா? இல்லை. துறப்பதற்கு முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும். சித்தார்த்தன் அரண்மனையை விட்டுப் போனான். பட்டினத்தார் கப்பலையும் கடையையும் விட்டுப் போனார். லயக் காம்பராவிலிருந்து ஒருவன் எதை விட்டுப் போவான்? சைவம் பற்றை விடு என்று சொல்கிறது. பற்றே வைக்க இடம் இல்லாதவனைப் பார்த்து அதைச் சொல்லும்போது அது உபதேசமாக இருக்காது, தோட்டத்துக் கடிதத்தின் மறுபக்கமாக ஆகிவிடும். பழைய தலைவர் அந்த நோக்கத்தில் சொல்லவில்லை, அவர் வாழ்க்கை முழுக்க அதற்கு எதிர். ஆனால் சொல்லுக்குச் சொன்னவரின் மனசு தெரியாது. கேட்டவனின் நிலைமையில் போய்த்தான் அது வேலை செய்யும்.

இன்னொன்றும் இருக்கிறது. கோவில் அம்மாவோடது என்று பையன் சொன்னானே, அதுகூட உண்மை இல்லை. எங்கள் அம்மனுக்குக் காணி உறுதி கிடையாது. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குக் கைமாறியது. மண் அரசுடையது, குத்தகை கம்பெனியுடையது, நடுவில் அம்மன் குந்தியிருக்கிறாள். இந்தியாவில் நீதிமன்றங்கள் விக்கிரகத்தைச் சட்டத்தின் கண்ணில் ஒரு ஆளாகவே ஏற்கின்றன. 1925இல் பிரிவி கவுன்சில் ஒரு வங்காளக் குடும்பத்து வழக்கில் அப்படித்தான் சொன்னது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோவில் நிலம் கைமாறும்போது சண்டேசுவரர் பெயரில் விலை எழுதினார்கள். இலங்கையில் கதை வேறு: இங்கே கோவில் நம்பிக்கைப் பொறுப்பு, 1917ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தர்மகர்த்தாக்களின் கையில். ஆனால் நம்பிக்கைப் பொறுப்பாக வைக்கவும் எழுதிக் கொடுத்த ஒரு துண்டு நிலம் வேண்டுமே. அந்த வகையில் எங்கள் மாரியம்மாவும் லயத்துக்காரிதான்.

சரி, உறுதி இல்லாத இடத்துக்கு உரிமை எங்கிருந்து வருகிறது? எனக்குத் தெரிந்த ஒரு பதில் வியர்வை. அந்த வாசல் இயற்கையாக வந்த சமதரை இல்லை. என் அம்மாவின் தலைமுறை ஞாயிற்றுக்கிழமைகளில் சரிவை வெட்டி, மண்ணைப் பழைய கொழுந்துக் கூடைகளில் சுமந்து, கீழ்ப்பக்கம் கல்லடுக்கி எடுத்த இடம். அந்தக் கல்லடுக்கில் இன்றும் சில கற்களில் சுண்ணாம்பால் வீட்டுப் பேர் முதலெழுத்து தெரியும், யார் வீட்டார் எந்த அடுக்கைக் கட்டினார்கள் என்று. அப்பர் உழவாரம் எடுத்துச் செதுக்கியதும் கோவில் வாசலைத்தான். அவர் அதற்குப் பங்கு கேட்கவில்லை என்று உடனே யாராவது சொல்வார்கள். கேட்கவில்லைதான். அவர் இரவில் எங்கே தூங்கினார் என்று எந்தத் தோட்டமும் அவருக்குக் கடிதம் அனுப்பவும் இல்லை.

இந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டும் இல்லை. என்னோடு பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்தவள் ஒருத்தி கல்யாணமாகி லண்டன் போய், அங்கே கவுன்சில் வீட்டில் இருக்கிறாள். நம்ம பிரதேச சபை மாதிரி ஒன்று கட்டி வாடகைக்கு விடும் அடுக்குமாடி. கீழே வண்டி நிறுத்த வருசா வருசம் சபைக்குக் காசு கட்டி அனுமதி வாங்க வேண்டும். விருந்தாளி வந்தால் அதற்கு வேறு அனுமதி. முன்பு வண்டிக்குச் சக்கரப் பூட்டுப் போடுவார்களாம். தனியார் நிலத்தில் அப்படிப் பூட்டுவதை 2012இல் சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள், இப்போது தண்டம்தான். வண்டி நிற்கும் இடமும் அவளுடைய சொந்த நிலம் இல்லை. அங்கே சண்டை வராதா என்று கேட்டேன். "வராமலா? ஆனா இங்க சண்டை போட ஒரு ஒப்பிஸ் இருக்குடி" என்றாள்.

அந்த ஒப்பிஸ்தான் எங்களுக்கு இல்லாதிருந்தது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபை காசு செலவழிக்கத் தடையாக நின்றது. ரோடு போடவோ விளக்குப் போடவோ கை நீட்ட முடியாது. வாக்குப் போட்டு உறுப்பினரை அனுப்பலாம், அவர் நம் வீட்டு வாசலுக்கு ஒரு பொதி சீமெந்து அனுப்ப முடியாது. 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். திருத்திய பிறகும் பழக்கம் திருந்த நேரம் எடுக்கிறது. வண்டி நிறுத்த இடம் கேட்டு எங்கள் ஆட்கள் ஒரு ஒப்பிசுக்குப் போனார்கள், அது தோட்டக் காணி என்றார்கள். இன்னொரு ஒப்பிசுக்குப் போனார்கள், அது சபை வேலை என்றார்கள். புது வீட்டுத் திட்டத்திலும் ஏழு பேர்ச் தந்தார்கள், அதாவது சுமார் 1900 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடு. கணக்குப்படி வண்டிக்கு இடம் இருக்கிறது. சரிவில் போய்ப் பாருங்கள்: வீட்டுக்கு ரோட்டிலிருந்து படிக்கட்டு.

ஆகவே அந்தக் கூட்டத்தில் நான் கோடு போடுவதற்குச் சார்பாகப் பேசினேன். சாமி முன்னால் எனது உனது இல்லைதான், ஆனால் இதுவரை யார் முன்னாலும் எனது என்று சொல்லியிராத பையன் முதல் தடவையாக ஒரு கட்டத்தைக் கேட்கிறான், அதை ஆணவம் என்று நான் எழுத மாட்டேன் என்றேன். பற்று பிடித்துப் பார்த்துவிட்டு விடட்டும். பூசாரி ஐயாவுக்குக் கோபம். டீச்சரே இப்படிப் பேசினால் பிள்ளைகளுக்கு என்ன படிப்பிப்பீங்க என்றார்.

அதற்கும் யோசித்துத்தான் வந்திருந்தேன். இந்த நாட்டுப் பழைய குகைக் கல்வெட்டுகளில், குகையைத் தானம் கொடுத்தவர்கள் அதை இன்ன பிக்குவுக்கு என்று எழுதவில்லை. நாலு திசைச் சங்கத்துக்கு, வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் என்று எழுதினார்கள். பிக்கு படுக்கலாம், மழைக்கு ஒதுங்கலாம், சாகும்வரை இருக்கலாம். அடுத்து வருகிறவனுக்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. தன்னுடையது, ஆனால் அடுத்தவனை மறிக்காத தன்னுடையது. எங்களுக்கு ஏற்றது அதுதான் என்று எனக்குப் பட்டது. பெயின்ட் வேண்டாம், சுண்ணாம்பால் கோடு போடுவோம். வருசத் திருவிழாவுக்குக் கொடி ஏறுமுன் எல்லாக் கோட்டையும் கழுவுவோம். கரகமும் காவடியும் சப்பரமும் முழு வாசலில் சுற்றட்டும். திருவிழா முடிந்ததும் சீட்டுக் குலுக்கி மறுபடியும் போடுவோம், அந்த வருசம் புதிதாக வண்டி எடுத்தவனையும் சேர்த்து. கட்டத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாது. பலிபீடத்திலிருந்து பத்தடிக்குள் கட்டம் இல்லை. எண்ணெய் ஒழுகினால் ஒழுக்கு நிற்கும்வரை வெளியே.

ஒன்றில் மட்டும் கமிட்டியோடு நான் நன்றாகச் சண்டை போட வேண்டியிருந்தது. மாசம் வண்டிக்கு இவ்வளவு என்று காசு வாங்கலாம், கோபுரத்துக்கு வர்ணம் பூச உதவும் என்று பொருளாளர் அண்ணன் கணக்குப் போட்டுக் காட்டினார். சிவன் சொத்து குலநாசம், இலவசமாக அனுபவித்தால் பாவம் பையன்களுக்குத்தான் என்று பழமொழியையும் துணைக்கு அழைத்தார். இருக்கிற துரைமார் போதும், அம்மாவையும் துரையாக்க வேண்டாம் என்றேன். விருப்பப்பட்டவர் உண்டியலில் போடட்டும். எவர் எவ்வளவு போட்டார் என்று கொப்பியில் எழுத என்னால் முடியாது, வேண்டுமென்றால் வேறு கையெழுத்தைத் தேடிக்கொள்ளுங்கள் என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள். பழைய தலைவர் சிரித்தார். கோட்டை அவர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. வாசலில் நடக்கும்போது கோட்டில் மிதித்துத்தான் நடப்பார். பையன்களும் அதைக் கண்டுகொள்வதில்லை.

இப்போது புதுப் பேச்சு ஒன்று வந்திருக்கிறது. தென்மேற்கு மழையில் வண்டி நனைகிறது, காலையில் ஸ்டார்ட் எடுக்கவில்லை, நாலு தூண் நட்டுத் தகரம் போடுவோம் என்கிறார்கள் பையன்கள். என் தம்பியும் அவர்களில் ஒருவன். தகரத்துக்குக் காசு தர ஒரு அரசியல்வாதியும் தயாராம், தூணில் பேர் போட வேண்டுமாம். இதற்கு நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. கோடு மழைக்குப் போகும், திருவிழாவுக்குக் கழுவலாம், குலுக்கலில் மாறும். தூண் நட்டால் சப்பரம் திரும்பாது. தூண் நின்ற இடத்தில் போன வருசம் நின்றவனே இந்த வருசமும் நிற்பான். அடுத்து வண்டி எடுக்கப்போகிறவன், இப்போது என் ஆறாம் வகுப்பில் இருக்கிறவன், குலுக்கலுக்கு வரும்போது அவனுக்குக் கட்டம் இருக்காது. நனைகிற வண்டிக்குத் தார்ப்பாய் வாங்கிக்கொள்ளட்டும் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். வர ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அவன் ஆள் சேர்க்கிறான் என்று கேள்வி.